சந்தைக்குப் போகும் டீசல் வண்டி: ஹீட்டர் ஒயரை நாமே மாற்றலாம்

பயிரை விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வேளைக்குச் சந்தையில் சேர்ப்பது மீதி வேலை. கீரை, கத்தரி, வெண்டை, மல்லிகை முதலியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு இந்த இரண்டாவது பாதிதான் பல நாட்களில் இலாப நட்டத்தை முடிவு செய்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு ஆகிய பகுதிகளிலிருந்து புதுச்சேரி நகரச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வோர் விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். நான்கு வீட்டு விளைச்சல் ஒரே வண்டியில் ஏறும். அந்த வண்டி கிளம்பவில்லை என்றால் நான்கு வீட்டுக்கும் நட்டம்தான். காலை ஏலம் முடிந்த பிறகு வந்து சேரும் கீரைக்கட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை.

இவ்வாறு ஏற்றிச் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை நம் மக்கள் "குட்டியானை" என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டிகள். 2005-ஆம் ஆண்டு டாடா நிறுவனம் வெளியிட்ட ஏஸ் வண்டிக்கு அமைந்த இந்தச் செல்லப் பெயர், பின்னர் அந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்குமே பொதுப் பெயராகி விட்டது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட பழைய வண்டிகள் இன்றும் ஊர்தோறும் ஓடுகின்றன. மழைக்காலமும் மார்கழியும் வந்தால் இவற்றில் ஒரு தொல்லை தலைகாட்டும். பகலில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் வண்டி, அதிகாலையில் மட்டும் அடம் பிடிக்கும். உடனே பாட்டரி போய்விட்டது என்று புதிய பாட்டரி வாங்குவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். ஆனால் பல வேளைகளில் குறை இருப்பது, களிம்பு பிடித்துப் போன இரண்டு மூன்று மீட்டர் ஒயரில்தான். செலவு குறைந்த அந்தப் பொருளை முதலில் சோதித்து, தேவையானால் நாமே மாற்றிக் கொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உண்டு. அதன் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம், காரணம் அதுவேதான். இந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக் கொள்கிறது.

இந்த எஞ்சினை அமைத்த ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். அவருடைய எஞ்சின் 1897-இல் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டப்பட்டது. அக்காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து நம் பகுதி மல்லாட்டை பிரான்சுக்குக் கப்பலேறியது என்பதை இங்கு நினைவு கொள்ளலாம். போதிய சூடு மட்டும் கிடைத்தால் கடலை எண்ணெயும் எரியும். சூடு இல்லாவிட்டால் முதல் தரமான டீசலும் எரியாது. டீசல் வண்டி கிளம்புவதன் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஹீட்டர் பிளக் எதற்கு?

டிராக்டர், லாரி ஆகிய பெரிய வண்டிகளில் டீசல் நேராகப் பிஸ்டனின் தலைமேல் பீய்ச்சப்படுகிறது. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இத்தகைய எஞ்சின்களுக்குத் தனிச் சூடு தேவைப்படுவதில்லை. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் அமைப்பு வேறு. சிலிண்டர் ஹெட்டிலேயே சிறிய முன்னறை ஒன்று இருக்கும். டீசல் அதற்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குப் பரவும். இரவு முழுவதும் ஆறிக் கிடந்த இந்த முன்னறையின் சுவர்கள், நெருக்கப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிக் கொள்கின்றன. அதனால்தான் சிலிண்டருக்கு ஒன்று வீதம், விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர் பிளக் முன்னறைக்குள் நீட்டிக் கொண்டிருக்கிறது. பாட்டரி மின்சாரம் பாய்ந்ததும் அதன் முனை சில வினாடிகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சிவந்துவிடும். டீசல் துளிகள் அந்த முனையை ஒட்டிப் பற்றிக் கொள்கின்றன.

உங்கள் வண்டியில் இந்த ஏற்பாடு உண்டா என்பதை எளிதில் அறியலாம். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற படத்துடன் மஞ்சள் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைந்தால் ஹீட்டர் உண்டு என்று பொருள்.

குளிர்நாட்டு வழக்கமும் நம் ஊர்த் தேவையும்

கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் முதலிய கடுங்குளிர்ப் பகுதிகளில் ஹீட்டர் பிளக் மட்டும் போதாது. அங்கே எஞ்சின் எண்ணெய் பாகு போல இறுகிவிடும். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரையே இரவில் சூடாக்கி வைக்க, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒரு ஹீட்டரை எஞ்சினுக்குள் பொருத்துகிறார்கள். அதன் ஒயர் வண்டியின் முகப்பில் தொங்கிக் கொண்டிருக்கும். இரவில் அதைச் சுவரிலுள்ள பிளக்கில் மாட்டி விடுவார்கள். இத்தகைய ஹீட்டர் ஒன்றுக்கு 1949-இல் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரு ஃப்ரீமேன். அவர் ஊரக மின்சாரக் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றியவர் என்பது விவசாயிகளுக்குச் சுவையான செய்தி.

நம் நாட்டிலும் லடாக் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் டீசலே மெழுகு போல உறைவதுண்டு. இதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை பயன்படக்கூடிய குளிர்காலத் தனி டீசலை அப்பகுதிக்கென வெளியிட்டது.

புதுச்சேரியில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆகவே நமக்கு எஞ்சின் நீரைச் சூடாக்கும் ஏற்பாடு தேவையில்லை. வண்டியில் ஏற்கெனவே உள்ள ஹீட்டர் பிளக்குக்கு முழு மின்சாரம் போய்ச் சேர்ந்தாலே போதும். அதைக் கெடுப்பது இங்கே குளிர் அல்ல. கடற்காற்றின் உப்பும் மழைக்கால ஈரமும்தான். இவை இரண்டும் செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கி, மின்சாரத்தைத் தடுக்கின்றன.

குறை எங்கே என்று கண்டறிதல்

எதையும் கழற்றுவதற்கு முன் வண்டி காட்டும் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்.

1. செல்ஃப் மோட்டார் மெதுவாக, முனகிக் கொண்டு சுற்றினால் குறை பாட்டரியிலோ அதன் முனைகளிலோ இருக்கலாம்.

2. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. புகைக்குழாயில் வெண்புகையும் டீசல் நெடியும் வருகின்றன. ஆனால் எஞ்சின் பற்றவில்லை. டீசல் போய்ச் சேர்கிறது, சூடுதான் போதவில்லை என்று இதற்குப் பொருள். ஹீட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

3. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். இது ஹீட்டர் குறையன்று.

4. கிளம்பியதும் ஒற்றைக் காலில் நொண்டுவது போல நடுங்கி, அரை நிமிடத்தில் சீரானால், இரண்டு பிளக்குகளில் ஒன்று வேலை செய்யவில்லை எனலாம்.

இரண்டாவது, நான்காவது அறிகுறிகள் தென்பட்டால் மேற்கொண்டு சோதிக்கலாம். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. அது இல்லாதவர்கள் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு ஒயர்களை இணைத்துச் சோதனை விளக்காகப் பயன்படுத்தலாம்.

முதலில் பாட்டரி: இரவு முழுவதும் ஓய்வாக நின்ற வண்டியில் பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 12.6 வோல்ட் இருந்தால் நல்ல நிலை. 12.2 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் சார்ஜ் செய்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும்.

அடுத்து பிளக்: சாவியை அணைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடவும். ஹீட்டர் பிளக்குகளின் தலைகளை இணைக்கும் தகட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரில் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். நல்ல பிளக் ஓர் ஓம் அளவிலோ அதற்கும் குறைவாகவோ காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் பிளக்கினுள் கம்பி அறுந்திருக்கிறது. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே சிறிது தடை உண்டு. அவற்றின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அந்த அளவைக் கழித்துக் கொள்க. சோதனை விளக்கு வைத்திருப்போர், பிளக்கின் தகடு கழன்றிருக்கும் நிலையில் நெகட்டிவ் முனையை மீண்டும் மாட்டி, விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவில் பொருத்தி, மறுமுனையைப் பிளக்கின் தலையில் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் பிளக்கின் கம்பி அறவில்லை.

கடைசியாக ஒயர்: எல்லாவற்றையும் பழையபடி மாட்டிய பிறகு, உதவிக்கு ஒருவரை ஹீட்டரைப் போடச் சொல்லவும். அந்த நேரத்தில் மீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனையைப் பிளக்கின் தலையிலும் வைத்து வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். இடையில் வீணாகும் வோல்ட் எவ்வளவு என்பதை மீட்டர் காட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் நல்ல நிலையில் உள்ளது. அதற்கு மேல் போனால் குறை உண்டு. குறையுள்ள இடத்தைக் கண்டறிய, கறுப்பு முனையை ஃபியூஸின் இருபுறம், ரிலேயின் இருபுறம் என்று ஒவ்வோர் இணைப்பாக வைத்துப் பார்த்துக் கொண்டே வர வேண்டும். எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு திடீரென உயர்கிறதோ அங்கேதான் குறை. வாய்க்காலில் உடைப்பைத் தேடிக் கரையோரம் நடந்து பார்ப்பது போன்ற வேலை இது.

திரும்பி வரும் வழியையும் மறக்கக் கூடாது. ஹீட்டருக்குப் போன மின்சாரம் எஞ்சின் உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. ஹீட்டர் போட்டிருக்கும்போது எஞ்சின் ஹெட்டுக்கும் பாட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒயரின் பருமன் ஏன் முக்கியம்?

வீட்டு ஒயரிங்கில் அரை வோல்ட், ஒரு வோல்ட் குறைந்தால் எதுவும் தெரியாது. 230-இல் ஒன்று போனால் என்ன? வண்டியில் இருப்பதோ 12 வோல்ட் மட்டும். இரண்டு பிளக்குகளும் சேர்ந்து 20 ஆம்பியர் எடுத்துக் கொள்வதாக வைத்துக் கொள்வோம். அப்போது கிடைக்கும் சூடு 240 வாட். வழியில் களிம்பு பிடித்த ஓர் இணைப்பு பத்தில் ஒரு பங்கு ஓம் தடை கொடுத்தால் மின்சாரம் 17 ஆம்பியராகக் குறைகிறது; பிளக்கில் கிடைக்கும் சூடு சுமார் 176 வாட்டாக இறங்குகிறது. அதாவது கண்ணுக்குத் தெரியாத அந்தக் களிம்பு சூட்டில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. போன சூடு முழுவதும் மறைந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதி அந்த இணைப்பிலேயே இருந்து பிளாஸ்டிக்கை உருக்கிக் கொண்டிருக்கிறது.

மெல்லிய ஒயரும் இதே கேட்டைச் செய்யும். மூன்று மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 20 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட் வீணாகிறது. அதே நீளத்துக்கு 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே வீணாகும். வாய்க்கால் குறுகலாக இருந்தால் தலைமடையில் எவ்வளவு நீர் விட்டாலும் கடைமடைக்கு எட்டாது என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த வண்டியில் செய்யலாம்?

இங்கே கூறும் முறை, 12 வோல்ட் பிளக்குகளும் தனி ரிலேயும் கொண்ட பழைய, எளிய அமைப்புள்ள வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளிலும், அதற்கு முன் வந்த கணினிக் கட்டுப்பாட்டு எஞ்சின்களிலும் கை வைக்கக் கூடாது. அவற்றில் சிலவற்றின் பிளக்குகள் 12 வோல்ட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை. நேராகப் பாட்டரியிலிருந்து இணைத்தால் உடனே எரிந்து போகும். நிறுவன உத்தரவாதக் காலம் முடியாத வண்டிகளையும் விட்டுவிட வேண்டும்.

தேவையான பொருள்கள்

1. வாகனங்களுக்கென விற்கும் 6 சதுர மி.மீ. பல இழைச் செம்பு ஒயர். 105 டிகிரி வரை சூடு தாங்கும் உறை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர், வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். அலுமினிய ஒயரும் ஆகாது.

2. ஒயரின் பருமனுக்கும் போல்ட்டின் அளவுக்கும் ஏற்ற, ஈயம் பூசிய செம்பு வளைய லக்குகள். அவற்றை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் குறடு.

3. இரண்டு பிளக் வண்டிக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ், மூடியுள்ள ஃபியூஸ் பெட்டியுடன். வண்டிக் கையேட்டில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் கையேட்டையே பின்பற்ற வேண்டும். நான்கு பிளக் வண்டிகளுக்கு ஒயரும் ஃபியூஸும் இதைவிடப் பெரிதாக வேண்டும்.

4. பழைய ரிலே கெட்டிருந்தால் அதே அளவுள்ள புதிய ரிலே.

5. சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், ஒயரை மூட நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய், ரப்பர் வளையம், கட்டும் பட்டைகள், உப்புத்தாள், சிறிது வாசலின்.

செய்முறை

1. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். கை மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை, காப்பு ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். பாட்டரி முனையும் வண்டி உடலும் ஒருசேர மோதிரத்தில் பட்டால் மோதிரம் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

2. பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவும். அதைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டி உடலில் பட்டாலும் தீங்கில்லை. பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் உடலில் பட்ட கணமே பெரும் தீப்பொறி எழும்.

3. பழைய ஒயர் போகும் வழியைத் தாளில் வரைந்து கொள்ளவும். பாட்டரி, ஃபியூஸ், ரிலே, பிளக் என்பதே வரிசை. ரிலேயின் கால்களில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பாட்டரி மின்சாரம் வருகிறது. 87 என்ற காலிலிருந்து பிளக்குக்குப் போகிறது. 85, 86 ஆகியவை ரிலேயை இயக்கும் மெல்லிய ஒயர்களுக்கு உரியவை. மெல்லிய ஒயர்களை நாம் தொட வேண்டியதில்லை. பருமனான ஒயரை மட்டுமே மாற்றுகிறோம்.

4. ஒரு சணல் கயிற்றைப் பழைய வழியிலேயே வளைத்துப் பிடித்து நீளத்தை அளக்கவும். அதனுடன் ஒரு ஜாண் கூட்டி ஒயரை வெட்டவும். எஞ்சின் குலுங்கும்போது ஒயர் இழுபடாமல் இருக்க இந்தத் தளர்வு வேண்டும்.

5. முனையில் லக்கின் குழல் அளவுக்கு மட்டும் உறையைச் சீவவும். இழைகள் அறுபடக் கூடாது. ஸ்லீவை முதலில் ஒயரில் கோத்துவிட்டு, பிறகு லக்கைச் செருகிக் குறடால் நன்கு நசுக்கவும். கையால் பலமாக இழுத்தாலும் வரக் கூடாது. ஸ்லீவை லக்கின் கழுத்து வரை ஏற்றிச் சூடு காட்டிச் சுருக்கவும். இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை இங்கே அறவே விட்டுவிட வேண்டும். டேப்புக்குள் ஈரம் புகுந்து, அடுத்த மழைக்காலத்திலேயே களிம்பு ஏறும்.

6. ஃபியூஸை பாட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் பொருத்தவும். ஃபியூஸுக்கு முன் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. அந்தப் பகுதி உடலில் உரசினால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

7. ஒயரை நெளிவுக் குழாய்க்குள் நுழைத்து, புகைக்குழாய்க்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் எட்டாத வழியில் கொண்டு போகவும். தகட்டுத் துளை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். ஒரு ஜாணுக்கு ஒரு கட்டுப் பட்டை வீதம் இறுக்கவும்.

8. பிளக்கின் தலை, இணைப்புத் தகடு, எர்த் பட்டை ஆகியவற்றை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கவும். பிளக்கின் தலையிலுள்ள சிறு நட்டைக் கையால் இறுகும் வரை சுற்றி, பிறகு ஸ்பேனரால் சிறிதே இறுக்கினால் போதும். பலம் காட்டினால் பிளக்கின் தலை முறியும்.

9. பாசிட்டிவ் முனையைச் சரிபார்த்து இறுக்கிய பிறகு, நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டவும். இறுக்கி முடித்த இணைப்புகளின் மேல் வாசலின் தடவவும்.

பிளக்கையே மாற்ற வேண்டியிருந்தால் தனி எச்சரிக்கை தேவை. கரி பிடித்து இறுகிய பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் அது ஹெட்டுக்குள் முறிந்து நின்றுவிடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டி வரும். எளிதில் சுழன்று வராத பிளக்கை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

வேலை முடிந்தபின் சோதனை

ஹீட்டரைப் போட்டு, முன்பு கூறியபடி பாட்டரிக்கும் பிளக்குக்கும் இடையே வீணாகும் வோல்ட்டை மீண்டும் அளக்கவும். பழைய அளவையும் புதிய அளவையும் வண்டிப் புத்தகத்தில் தேதியுடன் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும். பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டு, ஒயரையும் ஃபியூஸ் பெட்டியையும் தொட்டுப் பார்க்கவும். ஏதேனும் ஓர் இணைப்பு சுட்டால் அது சரியாக நசுக்கப்படவில்லை என்று அறிந்து மறுபடி செய்ய வேண்டும்.

உண்மையான சோதனை மறுநாள் விடியற்காலையில்தான். ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்திருந்து, பிறகு செல்ஃப் அடிக்கவும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பாட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் ஆற விட்டு மறுபடி முயலலாம்.

செய்யக் கூடாதவை

காற்று வடிகட்டியின் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் சிலரிடம் உள்ள வழக்கம். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இது மிகவும் ஆபத்தானது. உள்ளே முனை சிவந்திருக்கும் வேளையில் பெட்ரோல் ஆவி புகுந்தால், உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். காற்றுக் குழாய் வழியே தீ வெளியே பாய்ந்து முகத்தையும் கைகளையும் சுடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் செம்புக் கம்பியைச் சுற்றுவதும் தவறு. ஃபியூஸ் போவது நோயல்ல. நோயைக் காட்டும் அறிகுறி. ஒயர் எங்கோ உடலில் உரசுகிறது என்பதையே அது சொல்கிறது. காய்ந்த வைக்கோலும் சாக்கும் ஏற்றிய வண்டியில் ஒயர் பற்றினால் வண்டியும் சரக்கும் மிஞ்சாது.

பாட்டரியின் மேல் ஒயரை உரசித் தீப்பொறி பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் வாயு எளிதில் வெடிக்கக் கூடியது. உள்ளிருக்கும் அமிலம் கண்ணில் தெறிக்கும்.

வீட்டு மின்சாரத்தை வண்டிக்குக் கொண்டு போகும்போது

நாம் செய்த வேலை 12 வோல்ட்டைப் பற்றியது. அதில் ஷாக் அடிக்கும் அபாயம் இல்லை, தீப்பிடிக்கும் அபாயம் மட்டுமே உண்டு. ஆனால் இறங்கிப் போன பாட்டரியைச் சார்ஜ் செய்ய, வீட்டிலிருந்தோ பம்புசெட் கொட்டகையிலிருந்தோ 230 வோல்ட் ஒயரை வண்டி வரை இழுப்பவர்கள் உண்டு. இங்கே உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

வண்டி ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அறுந்த ஒயரோ பழுதான சார்ஜரோ வண்டி உடலுக்கு மின்சாரத்தைக் கசிய விட்டால், அந்த மின்சாரம் பூமிக்குப் போக வழியின்றி உடலிலேயே காத்து நிற்கும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று கதவைத் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகிவிடும். குளிர்நாடுகளில் எஞ்சின் ஹீட்டர் ஒயரை எர்த்துடன் கூடிய மூன்று முள் பிளக்கில் மாட்டுவது இதன் பொருட்டே.

ஆகவே பாட்டரியை வண்டியிலிருந்து இறக்கி, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்வதே நல்லது. எர்த் உள்ள மூன்று முள் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக் கொள்ள வேண்டும். வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது காவல்.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் போதும். பாட்டரி முனைகளை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து வாசலின் தடவுதல், எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்தல், ஹீட்டர் ஒயரில் வீணாகும் வோல்ட்டை அளந்து குறித்தல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலோரக் கிராமங்களில் உள்ளவர்கள் தை மாதத்தில் இன்னொரு தடவை செய்வது நலம்.

வயலில் நோய் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாமல், இலையைத் திருப்பிப் பார்த்துக் காரணம் அறிந்து மருந்து தெளிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். வண்டிக்கும் அதுவே பொருந்தும். புதிய பாட்டரிக்குப் பணம் எடுப்பதற்கு முன் மீட்டரை எடுத்து ஒயரை அளந்து பாருங்கள். மாற்ற வேண்டியது ஒயர் மட்டும்தான் என்றால், ஒரு பிற்பகல் வேலையில் அதை நீங்களே முடித்துவிடலாம். மறுநாள் நான்கு வீட்டுக் காய்கறியும் காலை ஏலத்துக்குப் போய்ச் சேரும்.